நான்காம் பாத்தியின் பச்சை

வண்டூர்
20 ஜூலை 2024

சிவபிரகாஷ் சாருக்கு,

ஷாஹினா எழுதுகிறேன். பிரித்தவுடன் மூடி வைத்துவிடாதீர்கள், இரண்டு பக்கம்தான். போனில் பேசாமல் கடிதம் எழுதக் காரணம் உண்டு. போன வருடம் போனில் சொன்னது கடைசியில் சொல்லாததாக ஆகிவிட்டது. இந்த முறை எல்லாம் காகிதத்தில் இருக்கட்டும்.

போன வருடம் இங்கே அந்தமானில் அறக்கட்டளை நிலத்தில் நாம் நான்கு பாத்தி போட்டோம். மழையை மட்டும் நம்பி வளரும் நெல்லுக்கு எவ்வளவு தழைச்சத்துக் கொடுத்தால் எவ்வளவு விளையும் என்று பார்க்க. முதல் பாத்திக்கு ஹெக்டேர் கணக்கில் தொண்ணூறு கிலோ, அடுத்ததற்கு அறுபது, பிறகு முப்பது, நான்காவதற்கு ஒன்றுமே இல்லை. ஒன்றும் போடாத அந்த நான்காம் பாத்திதான் எல்லாவற்றையும் விட அதிகம் விளைந்தது. "களப் பணியாளர் அட்டைகளை மாற்றிக் கட்டியிருக்கக்கூடும்" என்று நீங்கள் அறிக்கையில் ஒரே ஒரு வரி எழுதினீர்கள். களப் பணியாளர் நான் ஒருத்திதான். என் வேலை போனது. மார்ச்சில் நீங்களும் புதுக்கோட்டைக் கல்லூரிக்குப் போய்விட்டீர்கள்.

நான் அட்டையை மாற்றவில்லை. அன்று வேறெதுவும் சொல்லத் தெரியவில்லை எனக்கு. இப்போது தெரியும் என்று நினைக்கிறேன்.

ஜூனில் முதல் பெருமழைக்கு மறுநாள் அந்த நிலத்தின் ஓரமாக நடந்து போனேன். மேலேயிருந்து கீழ்வரை செம்மண் கோடு கோடாக இறங்கி, அடிவரப்பில் மேடு தட்டி நின்றது. அப்படியே நின்றுவிட்டேன் சார். மண்ணே இப்படி இறங்கினால் தண்ணீரில் கரைந்த யூரியா எங்கே நின்றிருக்கும்? யூரியா போட்ட மறுநாள் கொட்டியதே, நினைவிருக்கிறதா?

படகுத்துறையில் சுற்றுலாப் படகு ஓட்டும் காத்தமுத்து அண்ணன் தன் நிலத்தில் பதினாறு சென்ட் கொடுத்திருக்கிறார். அதில் இரண்டு தொகுதி போடப்போகிறேன். ஒன்று ஒழுங்கான முறையில்: ஒவ்வொரு பாத்திக்கும் உயரமான தனி வரப்பு, யூரியாவை மூன்றாகப் பிரித்து, மழை விட்ட நாள் பார்த்துப் போடுவது. இன்னொன்று அப்படியே போன வருடம் மாதிரி: தாழ்ந்த வரப்பு, ஒரே சரிவு, மேகம் கட்டிய நாளில் மொத்தமும் ஒரே தடவை. அதே சி-14-8, நம் உயர நெல் ரகம்தான். பாத்தி இரண்டு சென்ட். அறுபது கிலோ கணக்குக்கு ஒன்றே கால் கிலோ யூரியா.

எந்தப் பாத்தி மேலே, எது கீழே என்ற வரைபடம் உங்கள் நோட்டில்தான் இருக்கிறது. அது வேண்டும்.

ஷாஹினா


புதுக்கோட்டை
4 ஆகஸ்ட் 2024

செல்வி ஷாஹினா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. முடிந்துபோன ஒன்றை நீங்கள் மறுபடி கிளறுவது எனக்கு வருத்தம். இங்கே எனக்கு இன்னும் தகுதிகாண் காலம் முடியவில்லை. பழைய அறிக்கை பற்றிப் பேச்சு எழுவதை நான் விரும்பவில்லை.

உங்கள் சோதனையிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. உங்களுக்கு வேண்டிய முடிவை முன்பே வைத்துக்கொண்டு தொடங்குகிறீர்கள். நீங்களே நட்டு, நீங்களே அறுத்து, நீங்களே எடை போட்டால் யார் ஏற்பார்கள்? எடை போடுபவருக்கு எது எந்தப் பாத்தி என்று தெரியவே கூடாது. அந்த அடிப்படை கூட உங்கள் கடிதத்தில் இல்லை.

வரைபடம் எங்கே இருக்கிறதென்று தேட வேண்டும். உறுதி சொல்ல முடியாது.

சிவபிரகாஷ்

பி.கு. ஒன்றே கால் கிலோ தவறு. யூரியாவில் தழைச்சத்து நாற்பத்தாறு சதவீதம், நீங்கள் நாற்பது என்று எடுத்திருக்கிறீர்கள். இரண்டு சென்டுக்கு ஒரு கிலோ ஐம்பது கிராம் போதும். தொண்ணூறுக்கு ஒரு கிலோ அறுநூறு. போட்டுத் தொலைத்துவிடாதீர்கள்.


வண்டூர்
17 ஆகஸ்ட் 2024

சிவபிரகாஷ் சாருக்கு,

உங்கள் பி.கு. சரியான நேரத்துக்கு வந்தது. முந்தின நாள்தான் நடவு முடிந்திருந்தது, யூரியாவை அளந்து கட்டியும் வைத்திருந்தேன். எல்லாப் பொட்டலத்தையும் பிரித்து மறுபடி நிறுத்தேன். நன்றி. கோபமாக எழுதினாலும் கணக்கை விட்டுவிட உங்களால் முடியவில்லை.

நீங்கள் கேட்டது நியாயம் என்பதால் ஒரு ஏற்பாடு செய்தேன். அறுவடையன்று நான் களத்துப் பக்கமே போகமாட்டேன். காத்தமுத்து அண்ணன் மனைவி சுசீலா அக்கா ஒவ்வொரு பாத்திக்கட்டுக்கும் தன் இஷ்டத்துக்கு ஓர் எண் போட்டு, எந்த எண் எந்தப் பாத்தி என்று எழுதி உறையில் ஒட்டிவிடுவார். எடை முடிந்த பிறகுதான் உறை பிரிப்போம். அக்காவிடம் சொன்னதும், "எலெக்சன் மாதிரி சீல் வெச்சிடுறேன்" என்றார்.

ஒழுங்கான தொகுதிக்கு முதல் பங்கு யூரியா போட்டாயிற்று. மூன்று நாள் வெயில் அடித்தது. யூரியா மாறி மண்ணோடு ஒட்டுவதற்கு அந்த மூன்று நாள் போதும் அல்லவா? வரப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் தாண்டவில்லை.

பிரச்சினை இரண்டாவது தொகுதியில். அதற்கு மழை வேண்டும். அந்தமானில் ஆகஸ்டில் மழைக்கு ஏங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். தினமும் யூரியாப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து மேற்கே பார்க்கிறேன். பக்கத்து நிலத்து வங்காளிப் பெரியவர், "க்யா தேக் ரஹி ஹோ பேட்டி, கப்பல் வருதா?" என்று, என்ன பார்க்கிறாய் என்பதைத் தமிழும் இந்தியும் கலந்து கேட்டார். பாரிஷுக்காகக் காத்திருக்கிறேன் என்றேன். மழைக்கு முன்னால் யாராவது உரம் போடுவார்களா என்று தலையில் அடித்துக்கொண்டார். அதைத்தானே சார் நாமும் போட்டோம்?

பாத்திகளில் கட்ட, மழையில் நனையாத தாளில் எட்டு அட்டை வாப்பா கடையிலிருந்து கொண்டுவந்திருக்கிறேன். "பயோ கெமிஸ்ட்ரி படிக்க வெச்சேன், சேத்துல நிக்கிறா" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாராம். ஆனால் கயிறு கேட்டால் நல்ல நைலான் கயிறாகத்தான் வெட்டிக் கொடுக்கிறார்.

வரைபடத்தைத் தேடினீர்களா?

ஷாஹினா


வண்டூர்
1 செப்டம்பர் 2024

சார்,

பெய்துவிட்டது.

நேற்று காலை பத்து மணிக்கு மேற்கே கறுத்தது. காற்று நின்றுபோனது. ஓடிப்போய் இரண்டாவது தொகுதிக்கு யூரியா வீசினேன், மேலே தொண்ணூறு, பிறகு அறுபது, முப்பது. அடிப் பாத்திக்கு வெறுங்கை. உங்கள் வரைபடம் வராததால் நினைவிலிருந்துதான் வரிசை வைத்தேன். வீசி முடித்துக் கை கழுவவில்லை, முதல் துளி விழுந்தது. பதினொன்றரைக்கெல்லாம் எதிரே சுசீலா அக்கா வீடு தெரியவில்லை.

குடை எதற்கும் உதவவில்லை, மடக்கிவிட்டேன். முதல் பாத்தியில் தண்ணீர் ஏறி, வரப்பின் தலையைத் தொட்டு, ஒரு இடத்தில் மெல்ல வழிய ஆரம்பித்தது. பிறகு அந்த இடமே கரைந்து மடை மாதிரி திறந்துகொண்டது. அங்கிருந்து இரண்டாவதுக்கு, மூன்றாவதுக்கு. அரை மணி நேரத்தில் நாலும் ஒரே குளம். பிறகு அந்தக் குளம் முழுக்க அடிப் பாத்தியில் வந்து நின்றது. அடிவரப்பு மட்டும் பாதை ஓரம் என்பதால் உயரம். போன வருடமும் அதுதானே உயரம்?

அக்கா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். "ஏ ஷாஹினா, பானி பூரா கீழ போகுது. அணை போடட்டா?"

"வேண்டாம்க்கா, போகட்டும்."

"உரம் போகுதேடி."

"அதுக்குத்தான்க்கா போட்டேன்."

என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். நான் அங்கே நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். எட்டு மாதமாக என் மேல் இருந்த ஒரு வரி கண் முன்னால் கரைந்து போவதைப் பார்த்தால் நீங்களும் அப்படித்தான் சிரித்திருப்பீர்கள்.

உயர் வரப்பு போட்ட முதல் தொகுதியில் தண்ணீர் நிறைந்தது, வழியவில்லை. பாத்திக்குப் பாத்தி சுற்றிப் பார்த்துவிட்டேன்.

இனி இலை பேச வேண்டும்.

ஷாஹினா


புதுக்கோட்டை
16 செப்டம்பர் 2024

ஷாஹினாவுக்கு,

கடிதத்தைக் கல்லூரி வாசலில் நின்றபடியே படித்தேன். வகுப்புக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனேன்.

உடனே பதில் எழுதுங்கள். வரப்பு எந்த இடத்தில் உடைந்தது, நடுவிலா ஓரத்திலா? தண்ணீர் அடிப் பாத்தியில் எத்தனை மணி நேரம் நின்றது? மறுநாள் வடியவிட்டீர்களா, தானாக வடிந்ததா? பத்தாம் நாள் பச்சையின் அளவு பார்க்க இலை வண்ண அட்டை வைத்தீர்களா? காலையிலா மாலையிலா? அட்டை மேல் உங்கள் நிழல் விழ வேண்டும், வெயில் நேரடியாகப் படக்கூடாது. ஒரு பாத்திக்குப் பத்து இலை, ஓரத்து வரிசையில் எடுக்கக்கூடாது. ஒரு குத்துக்கு எத்தனை தண்டு என்று தூர் எண்ணினீர்களா?

வரைபடம் இணைத்திருக்கிறேன். தேட வேண்டியிருக்கவில்லை, மேசையில்தான் இருந்தது. அதை எடுத்துப் பார்க்க எனக்கு மனம் வராமல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பிரித்துப் பார்த்தேன். ஒன்றிலிருந்து நான்கு வரை மேலிருந்து கீழாக. நான்காம் பாத்தி அடியில். நீங்கள் நினைவிலிருந்து வைத்த வரிசை அப்படியே சரி. நானே வரைந்த படம், நானே அம்புக்குறி போட்டுச் "சரிவு" என்று எழுதியிருக்கிறேன். அது எப்படி என் கண்ணில் படாமல் போனது என்று தெரியவில்லை.

ஆனாலும் ஒரு மழையை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. பொறுங்கள்.

யூரியா போட்ட அன்று போன் செய்ததாக அறக்கட்டளைக் கூட்டத்தில் சொன்னீர்கள். எனக்கு நினைவில்லை.

சிவபிரகாஷ்


வண்டூர்
30 செப்டம்பர் 2024

சார்,

முதலில் நல்ல செய்தி. வரப்பு நடுவில் உடைந்தது. அடியில் தண்ணீர் இரண்டு பகல் நின்று தானாக இறங்கியது. காலை எட்டரைக்கு, நிழல் பார்த்து, பத்துப் பத்து இலை. மேலே தொண்ணூறு போட்ட பாத்தி அட்டையில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே வெளுத்து நிற்கிறது. ஒன்றும் போடாத அடிப் பாத்தி நான்கு, நல்ல கரும்பச்சை. தூர் எண்ணினேன்: மேலே குத்துக்கு ஏழு, அடியில் பதினொன்று. மூன்று தடவை எண்ணினேன், பிறகு அக்காவை விட்டு எண்ணச் சொன்னேன். அதே பதினொன்று.

அந்தப் பச்சையை நீங்கள் பார்க்க வேண்டும். பாதையில் போகிறவர்கள் நின்று அடிப் பாத்திக்கு என்ன மருந்து போட்டாய் என்று கேட்கிறார்கள். ஒன்றும் போடவில்லை என்றால் யாரும் நம்பவில்லை. வங்காளிப் பெரியவர் மட்டும் மேலே போய், கீழே வந்து, வரப்பைத் தொட்டுப் பார்த்து, "அப்போ இத்தனை சால், இத்தனை வருஷம் நான் போட்டதெல்லாம் கடலுக்கா?" என்றார். பாவமாக இருந்தது. அன்று மாலையே மகனைக் கூட்டிக்கொண்டு வந்து தன் வரப்பை உயர்த்த ஆரம்பித்துவிட்டார்.

ஒழுங்கான தொகுதியில் எல்லாம் நேர்வரிசை. போடாதது வெளிர், போட்டது கூடக் கூடப் பச்சை. மழை விட்ட வாரம் பார்த்து இரண்டாம் பங்கும் போட்டாயிற்று. தொண்ணூறு மட்டும் இப்போதே மார்பு உயரம். கதிர் வந்தால் சாய்ந்துவிடுமோ என்று பயம்.

இப்போது மற்றது.

நினைவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. 2023 ஆகஸ்ட் பத்தொன்பது, காலை பதினொன்று. நான் வரப்பில் நின்று கூப்பிட்டேன்.

"சார், மேகம் கட்டிக்கிட்டு நிக்குது. ரெண்டு நாள் கழிச்சுப் போடட்டுமா?"

"இன்னிக்கு என்ன தேதி?"

"பத்தொன்பது சார்."

"அட்டவணையில என்ன இருக்கு?"

"பத்தொன்பதுதான். ஆனா..."

"போட்டு முடிங்க ஷாஹினா. நான் திரும்பி வந்து பேசிக்கலாம்."

திரும்பி வந்து நீங்கள் பேசவே இல்லை. ஜனவரியில் அறக்கட்டளைக் கூட்டத்தில் நான் இதைச் சொன்னபோது, அப்படி ஒரு போன் வரவே இல்லை என்றீர்கள். எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து வாப்பாவிடம், ஒப்பந்தக் காலம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். பொய் சொன்னேன், சார். திருடி என்று பேர் வாங்கியது போல வெட்கமாக இருந்தது.

நீங்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் எழுதிவிட்டேன். நான் கேட்பது ஒன்றுதான்.

ஷாஹினா


புதுக்கோட்டை
14 அக்டோபர் 2024

ஷாஹினாவுக்கு,

போன் வந்தது. நீங்கள் எழுதியிருப்பது சொல்லுக்குச் சொல் சரி.

நான் அப்போது அந்தமானிலேயே, அபர்டீன் பஜாரில் குழந்தைத் துணிக் கடையில் நின்றிருந்தேன். என் மனைவி திவ்யாவைப் பிரசவ நாள் நெருங்கி இங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள், மறுநாள் காலை எனக்கு விமானம். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது கடைக்காரர், "பாய், எந்த சைஸ்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பாக்கி வேலை எதுவும் மனதில் இல்லாமல் கிளம்ப வேண்டும், அது ஒன்றுதான் என் நினைப்பு. அட்டவணை என்று சொன்னது சாக்கு.

கூட்டத்தில் நான்காம் பாத்தி எப்படி ஜெயித்தது என்று கேட்டபோது எனக்கு உண்மையிலேயே விடை தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அட்டை மாறியிருக்கலாம் என்று வாயில் வந்துவிட்டது. நீங்கள் போனைப் பற்றிச் சொன்னதும், ஒத்துக்கொண்டால் எல்லாம் என் மேல் திரும்பும் என்று புரிந்தது. வரவில்லை என்றேன். அதன்பிறகு அதையே நானும் நம்பப் பழகிக்கொண்டேன். நம்பியும்விட்டேன், உங்கள் செப்டம்பர் கடிதம் வரும்வரை.

இதை அறக்கட்டளைத் தலைவர் வைஜெயந்தி அம்மாவுக்கு எழுதி போன வாரம் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நகல் இணைத்திருக்கிறேன். இங்கே கல்லூரி முதல்வரிடமும் நானே போய்ச் சொன்னேன். அவர், "அறுவடை முடிவு வந்ததும் எனக்கும் காட்டுங்க" என்றார். என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.

நீங்கள் அறுப்பதற்கு முன்பே இதை எழுத வேண்டும் என்று நினைத்தேன். எடை தெரிந்த பிறகு எழுதினால் அது தோற்றவன் எழுதியதாக இருக்கும்.

மன்னிப்புக் கேட்கிறேன். பதில் வேண்டும் என்று கேட்கவில்லை.

தொண்ணூறுக்கு மூன்றாம் பங்கைப் போடாமல் விடாதீர்கள். சாய்ந்தால் சாயட்டும், அதுவும் முடிவுதான்.

சிவபிரகாஷ்


வண்டூர்
29 டிசம்பர் 2024

சிவபிரகாஷ் சாருக்கு,

இரண்டு மாதம் பதில் எழுதவில்லை. முதலில் கோபம். பிறகு கோபம் போய், என்ன எழுதுவதென்று தெரியாமல் இருந்தேன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. கை நெல் சுணையில் அரிக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

நேற்று அறுத்து அடித்தோம். வைஜெயந்தி அம்மா காலை எட்டு மணிக்கே வந்துவிட்டார். உங்கள் கடிதம் கைப்பையில் இருந்தது. நேராக இறங்கி வரப்பு வரப்பாக நடந்தார். பேச்சு பரவி வண்டூரில் இருபது பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். காத்தமுத்து அண்ணன் படகுக்குப் போகாமல் தராசு பிடித்தார். நான் சொன்னபடி களத்துக்குப் போகவில்லை. சுசீலா அக்கா வீட்டில் உட்கார்ந்து, ஜன்னல் வழியே தலைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு மணி நேரம் என் ஆயுசில் நீளமானது.

அண்ணன் கத்திக் கூப்பிட்டார். அம்மா உறையைப் பிரித்து வாசித்தார்.

ஒழுங்கான தொகுதி: ஒன்றும் போடாதது பதினான்கு கிலோ. முப்பது, பத்தொன்பது. அறுபது, இருபத்து நான்கு. தொண்ணூறு, இருபத்து மூன்று. அது நவம்பர் காற்றில் பாதி படுத்துவிட்டது, கூடுதலாகப் போட்டதெல்லாம் வைக்கோலுக்குத்தான் போனது.

சரிவுத் தொகுதி, மேலிருந்து கீழே: பதினைந்து, பதினாறு, பதினெட்டு. நான்காம் பாத்தி இருபத்து ஒன்று.

இரண்டு தொகுதியிலும் தொண்ணூறு கிலோப் பாத்திக்குப் போட்டது ஒரே அளவு யூரியா. ஓரிடத்தில் இருபத்து மூன்று, இன்னோரிடத்தில் பதினைந்து. நடுவில் இருந்தது ஒரு வரப்பும் ஒரு நாள் பொறுமையும். வங்காளிப் பெரியவர்தான் முதலில் கை தட்டினார்.

வைஜெயந்தி அம்மா எல்லோர் முன்னாலும் என்னிடம், "நான் உன்னை ஒரு கேள்வி கேட்டிருக்கணும், கேக்கல. வேலைக்குத் திரும்ப வா" என்றார். இந்தத் தடவை அறக்கட்டளை நிலத்தில் வேண்டாம், விவசாயிகள் நிலத்தில் செய்யலாம் என்றேன். "எத்தனை பேர் குடுப்பாங்க?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் பதினொரு பேர் கை தூக்கிவிட்டார்கள். சிப்பிகாட்டிலிருந்து வந்த ஒரு அம்மா இரண்டு கையையும் தூக்கினார்.

மாலையில் கடைக்குப் போய் வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஜனவரியில் சொன்ன பொய் உட்பட. கேட்டுக்கொண்டே கயிறு சுற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். "எங்கிட்ட ஏம்மா மறைச்சே" என்று மட்டும் கேட்டார்.

இப்போது உங்களிடம் ஒரு காரியம். அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன், எழுதிய வரை இதோடு இணைத்திருக்கிறேன். போன வருடத்து எண்களையும் சேர்க்கிறேன். தூக்கிப் போட வேண்டிய எண்கள் இல்லை அவை. ஒரே மழையில் எவ்வளவு தழைச்சத்து இடம் மாறும் என்று இரண்டு வருடம் அடுத்தடுத்து இவ்வளவு சுத்தமாகக் கிடைத்திருக்கிறது. வேண்டுமென்று யாரும் இப்படி முதல் வருடம் செய்திருக்கமாட்டார்கள். உங்கள் தவறுதான் இந்த அறிக்கையிலேயே உபயோகமான பகுதி. கிண்டலாகச் சொல்லவில்லை.

பெயர்கள் இரண்டு. என்னுடையது முதலில். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: "2023 ஆகஸ்ட் 19 அன்று, களப் பணியாளர் மழை பற்றி எச்சரித்த பின்னும், யூரியா இடும்படி சோதனைப் பொறுப்பாளர் கூறினார்." அதன் கீழே உங்கள் கையெழுத்து வேண்டும்.

ஷாஹினா


புதுக்கோட்டை
14 ஜனவரி 2025

ஷாஹினாவுக்கு,

எண்களைப் படித்துவிட்டு எழுந்து வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். இருபத்து நான்கு, பதினாறு. அதே அறுபது கிலோ, அதே ரகம். திவ்யா என்ன ஆயிற்று என்று கேட்டாள். தாளைக் கையில் கொடுத்தேன்.

மூன்றாம் பக்கம் வந்ததும் நிமிர்ந்தாள். "நான் அன்னிக்கு ஆஸ்பத்திரில இருந்தேன்னு ஒரு வரி சேக்கலாம்ல?" என்றாள்.

"வேண்டாம்" என்றேன்.

"உண்மைதானே?"

"உண்மைதான். உரம் கீழ போனதுக்கு அது காரணம் இல்ல."

அவள் பேனாவை எடுத்துக் கொடுத்தாள். கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறேன்.

முதல்வரிடமும் காட்டினேன். மாணவர்களுக்கு இதைப் பாடமாக எடுக்கச் சொல்லியிருக்கிறார், பொறுப்பாளர் பெயரோடு. என் வேலை போகவில்லை. திங்கட்கிழமை முதல் வகுப்பு. நாற்பது பேர் முன்னால் எப்படித் தொடங்குவேன் என்று தெரியவில்லை, ஆனால் எப்போது திங்கள் வரும் என்று இருக்கிறது.

பதினொரு நிலம் என்றால் நாற்பத்து நான்கு பாத்தி. ஒருவரால் ஆகாது. நடவுக்கு இரண்டு வாரம் விடுப்புக் கேட்டிருக்கிறேன். வரலாமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சிவபிரகாஷ்


வண்டூர்
25 ஜனவரி 2025

சார்,

வாருங்கள். கப்பலில் வேண்டாம், இறங்கிய பிறகும் இரண்டு நாளைக்குத் தரை ஆடும், நாற்று நேராக நடமாட்டீர்கள். விமானத்தில் வாருங்கள்.

ஷாஹினா